கழுகக்காவின் ஐந்து படங்கள்

சரித்திரப் படங்களுக்குப் பேர்போன அந்த இயக்குநரிடம் என் சித்தி முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். அரசர் காலத்துக் கதையில் இந்தக் காலத்துச் சாமான் எதுவும் கண்ணில் படக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. துணை நடிகர்கள் வரிசையாக வர, சித்தி ஒரு துணிப்பையை விரித்துக்கொண்டு நிற்பார். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பேனா எல்லாம் அதற்குள் போய்விடும். தங்கப்பல் கட்டியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அம்மை குத்திய தழும்பு இருந்தால் மாவு பூசுவார். "கழுகுக் கண்ணும்மா உனக்கு" என்று இயக்குநர் ஒருமுறை சொல்லப்போக, படப்பிடிப்பில் எல்லாருக்கும் அவர் கழுகக்கா ஆகிவிட்டார்.

இயக்குநருக்கு எண்பது வயது ஆனபோது, அவருடைய சிறந்த ஐந்து படங்களைத் திரையிட ஒரு திரைப்படச் சங்கம் முடிவு செய்தது. கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கு ஐந்து படம் எழுதி அனுப்ப வேண்டும். சித்தி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கப்பல் படம், ஊமை ராணி படம், பஞ்சப் படம், குதிரை வைத்தியர் படம், பல்லக்குப் படம். படங்களின் பெயரைச் சித்தி ஒருநாளும் சொன்னதில்லை.

"கோட்டைப் படம் எங்க சித்தி?"

"அது அவ்வளவு நல்லா இல்ல."

"எல்லாரும் அதைத்தானே பெருசா சொல்றாங்க?"

"சொல்லிட்டுப் போகட்டும். லிஸ்ட்டு யாரோடது?"

"உங்களோடது."

"அப்ப எழுது."

எழுதினேன். பிறகு சித்தி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அடுத்த அறையில் சித்தப்பா மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா பேருந்துப் பணிமனையில் நேரம் குறிப்பவராக இருந்தவர். குளிக்கும்போதுகூடக் கடிகாரத்தைக் கழற்ற மாட்டார். கோட்டைப் படத்தில் கூட்டத்துக்கு ஆள் போதாதபோது தானும் வருவதாகச் சொன்னார். "உங்களுக்கு நடிப்பு வராது, பேசாம இருங்க" என்றார் சித்தி. சித்தப்பா அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் காலை படப்பிடிப்பு மேலாளரிடம் நேராகச் சொல்லி, ஈட்டியோடு வரிசையில் வந்து நின்றார்.

"முன்னூறு பேர் கையைப் பாத்தேன். இவர் வந்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். பேசினாத்தானே கழட்டச் சொல்ல முடியும்?" என்றார் சித்தி.

"யாருமே பாக்கலையா?"

"இருபத்திரண்டு வருஷமா பாக்கல. பிரிண்ட் மங்கல். புண்ணியமாப் போச்சு."

கோட்டைப் படம் முதலிடத்தில் வந்தது. ஒரே ஒரு ஓட்டுதான் குறைவு. சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, பிரதியைக் கணினியில் துடைத்துப் புதுசாக்கிவிட்டதாகவும், இனிமேல் வேர்வைத் துளிகூடத் தெரியும் என்றும் சொன்னார். சித்தி "ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டார். அன்று இரண்டு முறை உலை வைத்தார்.

மதியக் காட்சி. முன்வரிசையில் இயக்குநர், அவருக்குப் பக்கத்தில் சித்தி, அடுத்து சித்தப்பா. நான் பின்னால். கோட்டைக் கதவு திறந்தது. தோற்றுப்போன ஊரே அழுதுகொண்டு வெளியே வந்தது. மூன்றாவது வரிசையில் ஈட்டியைப் பிடித்தபடி சித்தப்பா நான்கு விநாடி நின்றார். மணிக்கட்டில் வெயில் பட்டுப் பளிச்சென்றது. சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

விளக்கு போட்டதும் சித்தி இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"சார், மூணாவது வரிசை. என் தப்புதான்."

"தெரியும்மா. எடிட்டிங்லயே பாத்தேன். மணி பத்து நாப்பது."

"அப்ப ஏன் சார் வெட்டல?"

"முன்னூறு பேர் அழுற மாதிரி நடிச்சாங்க. கோட்டை பறிபோனவன் மூஞ்சி உங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் இருந்துச்சு. அந்தக் கூட்டத்துல நடிக்காம நின்னவர் அவர் ஒருத்தர்தான்."

சித்தப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"நடிப்பு வராதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

சித்தப்பா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சு இருபது பஸ் போயிடும். எந்திரி."