ஒரு குடுவைக்கு ஓர் எறும்பு

எனக்குக் கை நிற்காது. யார் வீட்டுக்கு வந்தாலும் எதையாவது சாப்பிட வைத்துத்தான் அனுப்புவேன். வேண்டாம் என்றால் கோபம் வரும். போதும் என்றால் இன்னொரு கரண்டி கூடுதலாக விழும். இந்தக் குணத்தால் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே எங்கள் சங்கத்தில் என் பெயர் கெட்டுப்போயிருந்தது.

சங்கம் என்றதும் கட்டடம், பெயர்ப்பலகை என்று நினைக்க வேண்டாம். மலாய் நாட்டில், பெக்கான் நானாஸ் என்கிற ஊரில் அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் அதன் பின்பக்கக் கொட்டகையில் கூடுவோம். பூச்சி தின்னும் குடுவைச் செடி வளர்ப்பதுதான் எங்கள் பைத்தியம். இலை நுனியில் சின்னதாக ஒரு குடுவை தொங்கும். அதற்கு ஒரு மூடி, உள்ளே கொஞ்சம் தண்ணீர். எறும்போ ஈயோ விளிம்பில் வழுக்கி விழுந்தால் செடிக்கு அன்றைக்குச் சாப்பாடு. மலாய்க்காரர்கள் அதைக் குரங்குப் பானை என்பார்கள். எங்கள் பக்கத்துக் கறுப்புச் சதுப்பில் அது கேட்பாரில்லாமல் முளைத்துக் கிடக்கும். நசுங்கின அன்னாசி டின்னில் ஓட்டை போட்டு, அதே மண்ணை நிரப்பி வளர்ப்போம். யார் குடுவை அதிகக் கரண்டி தண்ணீர் பிடிக்கிறதோ, அந்த மாதம் அவருக்கு மரியாதை.

பைத்தியம் என் வீட்டுக்காரருக்குத்தான். நான் வடை கொண்டுபோகிற சாக்கில் கூடப் போனவள்.

சங்கத்துக்குத் தலைவர் தொழிற்சாலைக் கிராணியார். ஆபீசில் எழுத்து வேலை. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், கத்தோலிக்கர். கோயில் பூசை முடிந்து, மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நிற்பார். சட்டம் சட்டம் என்று உயிரை வாங்குகிற மனிதர். அவர் வைத்த சட்டங்களில் இரண்டை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒன்று, ஒரு குடுவைக்கு ஓர் எறும்புக்கு மேல் நம் கையால் போடக் கூடாது. மற்றது, வாடின செடி அதன் சொந்தக்காரர் வீட்டில் இருக்கக் கூடாது. வேறொருவர் வீட்டு நிழலில், ஈரச் சாக்கை மூடி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் காட்டித் தேற்ற வேண்டும். புதுக் குடுவை மூடி திறந்த பிறகுதான் சொந்தக்காரர் தூக்கிக்கொண்டு போகலாம். சொந்தக்காரர் கை சும்மா இருக்காது, எதையாவது போட்டுக் கொன்றுவிடும் என்பார்.

நான்தான் அதற்கு உதாரணம். ஒரு தடவை வீட்டுக்காரரின் நல்ல செடி ஒன்று சோர்ந்து தொங்கியது. மனசு கேட்கவில்லை. குடுவைக்கு ஒரு துண்டு கருவாடு என்று எல்லாவற்றிலும் போட்டுவிட்டேன். மூன்றே நாளில் அத்தனை குடுவையும் அழுகி நாறியது. வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கிராணியார் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார்.

"அக்கா, அது பசியால வாடலை. பசி அதுக்குப் பழக்கம். நீங்க போட்டதைத்தான் அதால தாங்க முடியலை."

"பசி யாருக்குய்யா பழக்கம்?" என்று கேட்டுவிட்டு வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு என் கையால் வடை கிடையாது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். தொழிற்சாலையைப் பூட்டினார்கள். ஆள்கள் மூலைக்கு ஒருவராகப் பிழைப்புத் தேடிப் போனார்கள். பத்துப் பேர் சேர்ந்து நின்றாலே சந்தேகப்படுகிற காலம். சங்கத்தில் மிஞ்சியது நாலு பேர்: கிராணியார், நாங்கள் இருவர், வாய்க்கால் ஓரம் குடியிருந்த மலாய்க்கார அம்மாள். அத்தை என்பதுபோல மலாயில் அவளை மக்சிக் என்று கூப்பிடுவோம். சதுப்புக்குள் எந்தச் செடி எங்கே இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டியவள் அவள்தான். எங்களோடு மலாயில்தான் பேசுவாள். அவள் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை என்றார்கள். மரவள்ளிக் கொல்லையில் மண்வெட்டியோடு நின்ற என் வீட்டுக்காரரை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் லாரி கிளம்பிவிட்டது. அவர் எட்டிப் பார்த்து, "டின்னுக்கு மழைத் தண்ணி மட்டும் ஊத்து, கிணத்துத் தண்ணி வேணாம்" என்று கத்தினார். பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை மனுசனுக்கு. அந்தக் கோபத்திலேயே ஒரு மாதம் அழாமல் இருந்தேன்.

மூன்று மாதம் ஒரு வருசத்தைத் தாண்டியது. நான் மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். "மனுசனுக்கே சோறு இல்ல, இவ ஈ திங்கிற செடியைத் தாலாட்டுறா" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அந்தச் செடி யார் வீட்டு மரவள்ளியையும் கேட்கவில்லை.

இன்னொரு காரியமும் செய்தேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கழுத்தில் கிடந்த குண்டுமணிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கொடுத்து, சிகரெட் டின்னால் அளந்து அளந்து அரிசி வாங்கிச் சேர்த்தேன். அவர் வருகிற அன்றைக்கு வயிறு நிறையச் சோறு போட வேண்டும். அதை நினைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். அரிசியைப் புழு பிடித்துவிடும், ஜப்பான்காரன் கண்ணில் பட்டால் போய்விடும். கிராணியார் ஒரு நாள் செடி பார்க்க வந்தவர் அரிசியைப் பார்த்துவிட்டார். மறுநாள் நாலு புது அன்னாசி டின்னும் ஈயமும் கொண்டுவந்து, அரிசியை அடைத்து, மூடியை ஈயம் உருக்கி ஒட்டி, செடி டின்களுக்கு நடுவில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கும் நான் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு சாயங்காலம், சயாமிலிருந்து இரண்டு பேரைக் கடைத்தெருவில் லாரி இறக்கிவிட்டுப் போயிருக்கிறது என்றார்கள். ஓடினேன். கடைவாசலில் குந்தியிருந்த ஒரு கிழவனைத் தாண்டிப் போய், எங்கே எங்கே என்று தேடினேன். பின்னாலிருந்து "இந்தா" என்று குரல் வந்தது. அந்தக் கிழவன்தான் என் வீட்டுக்காரர். வீடுவரை நானே அவரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என்னால் தூக்க முடிந்தது.

கூட வந்தவர் இரண்டு லயம் தள்ளிக் குடியிருந்தவர். அவர் பெண்டாட்டியும் என்னைப்போலவே காத்துக் கிடந்தவள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் கொஞ்சம் கிழங்குக் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு அசந்து தூங்கிவிட்டார். விடிந்ததும் நான் அரிசி டின் ஒன்றை உடைத்தேன். இருந்த ஒரே கோழியை அடித்தேன். தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். வாசனை வந்ததும் அவர் சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். வாயில் எச்சில் ஒழுகியது. தட்டில் சோற்றைக் குவித்து, குழம்பை ஊற்றப் போன நேரத்தில் கிராணியாரும் மக்சிக்கும் மூச்சிரைக்க உள்ளே வந்தார்கள். மக்சிக் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கிராணியார் தட்டை எடுத்தார்.

குழம்புக் கரண்டியால் அவர் கையில் அடித்தேன். ஓங்கித்தான் அடித்தேன்.

"அடிங்கக்கா. ஆனா சோறு போடாதீங்க" என்றார். "இவரோட வந்தவரு நேத்து வயிறாரச் சாப்பிட்டாரு. இப்ப செத்துப்போயிட்டாரு. அங்கேயிருந்துதான் ஓடி வர்றோம்."

"வேற சீக்கா இருக்கும்."

"இருக்கலாம். ஆனா இவருக்கும் அதே காஞ்ச குடல்தான். இவ்வளவு நாள் ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுங்க."

பின்னாலிருந்து வீட்டுக்காரர் கையை நீட்டி, "போடு, போடு" என்றார். அந்தக் கையைப் பார்த்துவிட்டு எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்?

மக்சிக் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "நம்ம சட்டம் உனக்குத் தெரியும். இவன் என் வீட்டுக்கு வரட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "செடியும் என் புருசனும் ஒண்ணா?" என்று கிராணியாரைப் பார்த்துக் கத்தினேன்.

"இல்லக்கா. செடி வாய் திறந்து கேக்காது. இவரு கேப்பாரு. கேட்டா நீங்க கொடுத்துருவீங்க. எனக்கு அதான் பயம்."

நான் வழியை விட்டு நகர்ந்தேன். தள்ளுவண்டியில் சாக்கை விரித்து அவரைக் கொண்டுபோனார்கள். ஒன்றரை வருசம் காத்திருந்து ஒரு ராத்திரிதான் என் வீட்டில் இருந்தார். நான் அந்தச் சோற்றுப் பானையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவர்களைத் திட்டினேன்.

சோறு வீணாகக் கூடாது. குழம்பை லயத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, சோற்றை மட்டும் சாவு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அடுப்பு எரியாத வீடு. அதற்குள் எடுத்து அடக்கிவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் என் பானையை வெகுநேரம் பார்த்தாள்.

"நான்தாங்க்கா ஊட்டினேன்" என்றாள். "கேட்டாரு. அள்ளி அள்ளி வச்சேன். எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன்மேல் தப்பு இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை. அங்கிருந்து நேராக மக்சிக் வீட்டுக்குப் போய், "நீ சொல்றவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

"எப்போது அழைத்துக்கொண்டு போகலாம்?" என்று கேட்டேன்.

"சாப்பாடு இருக்கும்போதே போதும் என்று அவனாகச் சொல்கிற அன்றைக்கு."

சொல்லவே மாட்டார் என்று நினைத்தேன். மிச்ச டின் அரிசி கொதித்த தண்ணீரில் உப்புப் போட்டு, கொட்டாங்கச்சிக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள் மக்சிக். கடைசிச் சொட்டுவரை நக்கிவிட்டு என்னைத்தான் பார்ப்பார். கேட்பார், கெஞ்சுவார். ஒரு நாள் கெட்ட வார்த்தையில் திட்டினார். "சயாம்ல ஜப்பான்காரன் பட்டினி போட்டான். இங்க நீ போடுறே." அதைக் கேட்டுவிட்டு வீடுவரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. சாவு வீட்டைப் பார்த்து வந்தவள்தான் நான். இருந்தும் மறுநாள் முந்தானையில் ஒரு கட்டிக் கருப்பட்டியை முடிந்துகொண்டு போனேன். மக்சிக் என் முகத்தைப் பார்த்தே முடிச்சை அவிழ்த்துவிட்டாள். அதன்பிறகு வாசலிலேயே என் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

கிராணியார் தினமும் வருவார். கையில் என் கரண்டி பட்ட இடம் கன்றிக் கறுத்திருந்தது. ஒரு நாள் கிழங்கு மாவில் இரண்டு வடை தட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு, "உப்புக் கம்மி" என்றார்.

தண்ணீர் கஞ்சியாகி, கஞ்சி குழைந்த சோறாகி, வீட்டுக்காரர் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து, மக்சிக் வைத்திருந்த செடி டின்னைத் திருப்பிப் பார்த்து, தண்ணீர் அதிகம் என்று குறை சொல்லத் தொடங்கினார். ஒரு மத்தியானம் மக்சிக் கரண்டியை என்னிடம் கொடுத்து, "இன்றைக்கு நீ போடு" என்றாள். குழைந்த சோறு, கொஞ்சம் கீரை. நான் போடப் போட அவர் மெதுவாகச் சாப்பிட்டார். தட்டில் ஒரு கைப்பிடி மிஞ்சியது. அதை ஓரமாக ஒதுக்கினார்.

"போதும்" என்றார்.

மக்சிக் என்னைப் பார்த்தாள். சட்டியில் இன்னும் சோறு இருந்தது, என் கையில் கரண்டி இருந்தது. என் ஆயுசில் போதும் என்று சொன்ன யாருக்கும் நான் இன்னொரு கரண்டி போடாமல் விட்டதில்லை. அன்றைக்குப் போடவில்லை. கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, "எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.