குடும்பத்தில் யாருக்காவது

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எனக்கு அடையாறில் ஒரு வீட்டு மாடியில் வேலை. ஓய்வுபெற்ற மருந்தியல் பேராசிரியர் ஒருவர் சொந்தச் செலவில் ஒரு மென்பொருள் செய்ய ஆசைப்பட்டார். டாக்டர் மருந்தின் பெயரைத் தட்டினால், எந்த மரபணு உள்ளவர்களுக்கு அது ஆகாது, பதிலுக்கு என்ன கொடுக்கலாம் என்று திரை சொல்ல வேண்டும். அவர் வெளிநாட்டுச் சஞ்சிகைகளைப் படித்துச் சொல்லுவார், நான் புரோகிராம் எழுதுவேன். பாதி புரியாது. கேட்டால் விளக்குவார், அதிலும் பாதி புரியாது.

மரபணுவைப் பார்க்கும் பரிசோதனை அப்போது எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் முன்னால் ஒரு கேள்வியை வைக்கச் சொன்னார். குடும்பத்தில் யாருக்காவது இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? ரத்த உறவில் ஒருவருக்கு நடந்தது தெரிந்தால் பாதி பரிசோதனை முடிந்த மாதிரி என்பார்.

மயிலாப்பூரில் தெரிந்த டாக்டர்களிடம் ஃபிளாப்பியைக் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னோம். திரும்பி வந்தபோது அத்தனை நோயாளிகளின் பதிலும் ஒன்றுதான்: இல்லை. என் புரோகிராமில்தான் கோளாறு என்று பேராசிரியர் கத்தினார். வரி வரியாகத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. கல்யாணத்துக்குப் பெண்ணோ பிள்ளையோ இருக்கிற வீட்டில் எவன் சார் வியாதியை ஒப்புக்கொள்வான் என்றேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுகிற ஊராச்சே என்று அவரும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை பிறந்தால் முகூர்த்தம். ஐப்பசி மழையில் ஒரு காலை வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். தி.நகரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தோம். அப்பெண்டிக்ஸ், உடனே எடுத்தாக வேண்டும் என்றார்கள். விஷயம் தெரிந்து மாப்பிள்ளையின் அம்மா மேற்கு மாம்பலத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, தங்கையின் தலையைத் தடவிக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே நின்றாள். நல்ல மனுஷி.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்து எல்லாவற்றையும் விசாரித்தார். கடைசியில், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஏதாவது ஆனதுண்டா என்று கேட்டார். வீட்டில் இதையே சொல்லிச் சொல்லி நான் பிராணனை வாங்கியிருந்ததால், தங்கை அந்த வலியிலும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"எங்காத்துல அந்த மாதிரி ஒண்ணும் கெடையாது" என்றாள் அம்மா.

பொறுப்பாகக் கேட்கிற டாக்டர் கிடைத்தாரே என்று எனக்குத் திருப்தி.

உள்ளே போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு நர்ஸ் வெளியே ஓடிவந்து, எவ்வளவு ஐஸ் கிடைத்தாலும் வாங்கி வாருங்கள் என்றாள். தாடை இறுகிவிட்டது, உடம்பு கொதிக்கிறது என்றாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த மயக்க மருந்தின் பக்கத்தைத் தட்டியவன் நான். அபூர்வமாகச் சில குடும்பங்களில் ஓடும் ஒரு மரபணு. அது இருந்தால் மருந்து உள்ளே போனதும் தசையெல்லாம் விறைத்து உடம்பு நெருப்பாகும். முறிக்க ஒரே ஒரு மருந்து உண்டு, அது நம் நாட்டில் கிடைப்பதில்லை என்ற வரியையும் நான்தான் தட்டியிருந்தேன். பாண்டி பஜாரில் ஜூஸ் கடை ஜூஸ் கடையாக ஏறி இறங்கி ஐஸ் கட்டிகளைச் சுமந்து வந்தேன். டாக்டர்கள் செய்யாதது ஒன்றுமில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சமையலறையில் அம்மா தானாகவே சொன்னாள். விஷ ஜுரத்தில் போனதாக நாங்கள் கேட்டு வளர்ந்த அவளுடைய தம்பி, ஜுரத்தில் போகவில்லை. டான்சில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்ததும் உடம்பு அனலாகக் கொதித்து மேஜையிலேயே போய்விட்டாராம். கல்யாணத்துக்குப் பெண்கள் நின்ற வீடு என்பதால் ஜுரம் என்று சொல்லிவைத்தார்கள். சொல்லிச் சொல்லி அது ஜுரமாகவே ஆகிவிட்டது.

டாக்டர் கேட்டாரே அம்மா என்றேன்.

"அந்த மாமி பக்கத்துலயே நின்னுண்டிருந்தாளேடா."

சாரிடம் போய்ச் சொன்னேன். மயக்க மருந்தின் பக்கத்தைத் திரையில் எடுக்கச் சொன்னார். பிறகு, கூட இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கவும் என்று அந்தக் கேள்வியின் மேல் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்துக் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். அதற்கப்புறம் அதை யாராவது பயன்படுத்தினார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்த வருஷம் தெற்கு மாடவீதியில் அந்த மாமியைப் பார்த்தேன். அம்மாவே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள் போலிருக்கிறது. நடுத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

சொல்லியிருப்பாள். கல்யாணத்தை நிறுத்தியிருப்பாள், ஊரெல்லாம் பேசியிருப்பாள். அப்படித்தான் நான் நம்புகிறேன். நம்பாவிட்டால் தினமும் அம்மா போடுகிற சாதத்தை நான் எப்படிச் சாப்பிடுவது?