ஆயிரத்து எண்பது ரூபாய் வரி

குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து, பரோட்டாவும் தின்று முடித்து, எல்லோரும் கை கழுவப் போயிருக்கும்போது நான் பில்லைப் படித்துக்கொண்டிருப்பேன். தென்காசியில் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு போட்டுக் கொடுப்பது என் தொழில். வரி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் ஒரு பில்லையும் கசக்கிப் போட என்னால் முடியாது. "இவளுக்குக் கதைப்புத்தகம் வேண்டாம், ஒரு பில்லு குடுத்தாப் போதும்" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்தப் பழக்கம்தான் என் அண்ணனிடம் என்னைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அப்பா துபாயில் டிரைவராக இருந்தபோது ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வந்தார். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெரிய பெட்டி. எங்களைத் தொடவே விடமாட்டார். ரீவைண்ட் பட்டன் உடைந்தபோது நீலப் பேனா மூடியை அறுத்து, சூடு காட்டி அவரே ஒட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும், "இன்னைக்கு வித்தாலும் அம்பதாயிரம் போகும்" என்பார்.

அப்பா இறந்த பிறகு, அவருடைய குற்றாலத்து வீட்டைச் சீசனுக்கு வாடகைக்கு விடுவதற்காக அண்ணன் காலி செய்தான். ஆலங்குளத்தில் குடியிருக்கும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டூ-இன்-ஒன்னை மதுரை வியாபாரி ஒருவர் ஐயாயிரத்துக்கு எடுத்துக்கொண்டதாகச் சொல்லி, என் பங்கு என்று இரண்டாயிரத்து ஐந்நூறை அனுப்பினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்றது ஒரு கோபம். ஐயாயிரம் என்றது அதைவிடப் பெரிய கோபம். கூட வாங்கிக்கொண்டு என்னிடம் குறைத்துச் சொல்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டு போனை வைத்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் பேச்சில்லை. அவன் மகள் சடங்குக்குக்கூட நான் போகவில்லை.

சென்ற மாதம் பழைய சாமான்களை ஏலம் விடும் ஒரு தளத்தைச் சும்மா மேய்ந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு டூ-இன்-ஒன்னின் படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ரீவைண்ட் பட்டன் இருக்கிற இடத்தில் நீலப் பேனா மூடி.

விடுவேனா? இரண்டு நாள் ஆபீஸ் வேலையைப் போட்டுவிட்டு ஏலம் கேட்டேன். யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் கூடவே ஏற்றிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு ஐந்நூறு ஏறும்போதும் எனக்கு அண்ணன் மேல்தான் எரிச்சல் வந்தது. இவ்வளவு போகிற சாமானுக்கு ஐயாயிரமாம்! கடைசியில் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு எனக்கு விழுந்தது. வரி தனி என்று போட்டிருந்தார்கள். பதினெட்டு சதவீதம், ஆயிரத்து முந்நூற்றைம்பது வரும் என்று மனசுக்குள் கூட்டி வைத்துக்கொண்டேன்.

பார்சல் வந்தது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் வழக்கம்போல் பில்லை எடுத்தேன். மதுரைக் கடைதான். வரி ஆயிரத்து எண்பது. மத்திய அரசுக்கு ஐந்நூற்று நாற்பது, மாநிலத்துக்கு ஐந்நூற்று நாற்பது.

தப்பாகப் போட்டுவிட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. எடுத்துச் சொல்லலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பழைய சாமானை வாங்கி விற்கிறவருக்கு முழு விலைக்கும் வரி கிடையாது. வாங்கிய விலைக்கு மேல் எவ்வளவு வைத்து விற்கிறாரோ, அதற்கு மட்டும் கட்டினால் போதும். விவரமான வியாபாரி இந்த வரியைப் பில்லில் தனியாகக் காட்டமாட்டார். காட்டினால் அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பதைக் கணக்கு தெரிந்த யாரும் கண்டுபிடித்துவிடலாம். இவர் வெள்ளந்தியாகக் காட்டிவிட்டார்.

கால்குலேட்டரை எடுக்கும்போது எனக்கு உள்ளூர ஒரு குஷி. அண்ணன் குட்டு உடையப் போகிறது. ஆயிரத்து எண்பது வரி என்றால், லாபம் ஆறாயிரம். ஏழாயிரத்து ஐந்நூறில் ஆறாயிரத்தைக் கழித்தேன்.

ஆயிரத்து ஐந்நூறு.

மறுபடியும் போட்டேன். அதேதான். அண்ணனுக்குக் கிடைத்தது மொத்தமே ஆயிரத்து ஐந்நூறு. அதில் என் பங்கு என்று அவன் எனக்கு அனுப்பியது இரண்டாயிரத்து ஐந்நூறு. கைக்காசு ஆயிரத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, நான் கேட்ட கேள்வியை எல்லாம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அண்ணே, அந்த டூ-இன்-ஒன்ன ஆயிரத்தைநூறுக்கா வித்தே?"

"ஒனக்கு யாருட்டி சொன்னா?"

"நான்தான் ஏலத்துல எடுத்தேன். பில்லுல வரிய வச்சிக் கணக்குப் போட்டேன்."

"ஏட்டி, பில்லுல அதெல்லாமா போடுதானுவ?"

சிரிப்பும் அழுகையுமாக, "என்கிட்ட உள்ளதச் சொல்லியிருக்கலாம்லா? எட்டு மாசமா ஒன்னயக் களவாணின்னுல்லா நெனச்சிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"அப்பா சாவுற வரைக்கும் அம்பதாயிரம், அம்பதாயிரம்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தாவ. அவ்வொ சாமான் ஆயிரத்தைநூறுக்குத்தான் போச்சுன்னு நான் எப்படிட்டி ஒன்கிட்டச் சொல்ல?"

அன்று சாயங்காலமே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆலங்குளம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார். மறுபேச்சில்லாமல் காசைக் கொடுத்தேன். டிக்கெட்டில் எவ்வளவு போட்டிருந்தது என்று நான் பார்க்கவில்லை.