துண்டு போட்டு மூடிய ராட்டை

கோணல்மாணலாகத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும். ஆனாலும் இதை இன்னொருவர் கையில் கொடுத்து எழுதச் சொல்ல இனி எனக்கு மனம் வராது.

ஆரணியில் பட்டு நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குழல். சுற்றும்போது நூல் சிக்கினால், ராட்டையை நிறுத்துவதற்குள் அறுந்துவிடும். முடிச்சுப் போட்டால் புடவையில் தெரியும். ஒரு நாள் துடைப்பத்திலிருந்து தென்னங்குச்சிகளை உருவிச் சேர்த்து ராட்டையில் கட்டி, நுனியில் கண்ணாடி வளையல் ஒன்றைத் தொங்கவிட்டு, நூலை அதற்குள் ஓட்டினேன். சிக்கியதும் குச்சி வளைந்து கொடுத்தது. நூல் அறுந்துபோகவில்லை.

அந்தச் சமயம் நெசவாளர் கூட்டத்தில் ஒரு கல்லூரி மேடம் பேசினார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் பேட்டண்ட் வாங்கி நமக்கே வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் செய்முறையைத் தேதியோடு அச்சடித்து எல்லோருக்கும் தெரியவைத்துவிடலாம், பிறகு யாரும் தனக்கென்று உரிமை கேட்க முடியாது என்றார். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. எழுந்து சொல்லக் கூச்சம். வீட்டுக்கு வந்து, அப்படி எழுதி அச்சுக்குக் கொடு என்று அண்ணன் மகனிடம் சொன்னேன். தாயில்லாமல் என் கையில் சாப்பிட்டு வளர்ந்தவன், இங்கிலீஷ் தெரிந்தவன். போட்டோ எடுத்துக்கொண்டான்.

"அச்சுல வர்ற வரிக்கும் யாருக்கும் காட்டாத, அத்தை" என்றான்.

எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எங்கள் தெருவில் புது டிசைன் தறியில் ஓடினால், புடவை அறுத்து இறக்கும்வரை துணி போட்டு மூடித்தான் வைப்போம். அதே போல ராட்டை மேல் ஒரு துண்டைப் போட்டேன். ஊருக்குக் கொடுக்க நினைத்ததை ஊர் பார்க்காமல் மூடினேன்.

ஆடியில் கூழ் கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி மட்டும் துண்டைத் தூக்கிவிட்டாள்.

"இன்னாக்கா, ராட்டைக்கு முக்காடு போட்டு வச்சிகினு கீற? அதுவும் உன்ன மாரி வெக்கப்படுதா?"

வெளியே சொல்லாதே என்று கெஞ்சினேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. தானும் ஒன்று கட்டிக்கொண்டு, மூடாமலே சுற்றினாள்.

தீபாவளி போய்ப் பல நாள் கழித்து அச்சடித்த தாள் வந்தது. கண்டுபிடித்தவர் என்று அவன் பெயர். தீபாவளிக்குப் பிறகு பேட்டண்டுக்கு மனு போட்டதாகத் தேதியோடு இருந்தது. படத்தில் வளையலைப் பிடித்திருந்தது என் கை. சுடுகஞ்சி பட்ட தழும்பு தெளிவாகத் தெரிந்தது.

"ஊருக்கே குட்த்துட்டா நமக்கு இன்னா அத்தை மிச்சம்? நீ வேற நான் வேறயா?" என்றான்.

மறுநாளே பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தக் குச்சியைக் கழற்று, அது என் உரிமை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

"ஏன்க்கா, என் வூட்டுத் தொடப்பக்குச்சிக்கு உன் அண்ணன் புள்ள கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று அவள் கேட்டபோது, நானே போய்ச் சொன்னது போலக் குறுகிப் போனேன்.

இந்த முறை மேடத்தை நானே தேடிப் போனேன். அவன் மனு போடுவதற்கு முன்பே ஒருத்தி எல்லோர் கண்ணும் பட அதைப் பயன்படுத்தியிருந்தால் ஆட்சேபம் சொல்லலாமாம். நானும் மூடாமல் வைத்திருந்தால் தெருவே சாட்சி சொல்லியிருக்கும். இப்போது எனக்கு அவள் ஒருத்திதான். அவள் ராட்டை ஓட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மெல்லிய நூலுக்கு இரண்டு குச்சியா மூன்றா, வளையல், நூல் பிரிந்து வரும் கழிக்கு மேலே நாலு விரலா ஆறா, மறந்துவிட்டது. அவள் கூழ் கொண்டு வந்தது ஆடியில் எந்த வெள்ளி என்பதும் தெரியவில்லை. தார் சுற்றத் தெரிந்த யாராவது அவள் வீட்டுக்குப் போய், அளந்து, கேட்டு, தப்பைத் திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். அவனிடம் மட்டும் கேட்காதீர்கள்.