மாப்பிள்ளை ஊற்றிய ஆயில்

டாக்டரம்மா வீட்டு டிரைவரை எங்கள் தெருவில் ‘காது’ என்றுதான் கூப்பிடுவோம். எந்த வண்டியில் என்ன சத்தம் வந்தாலும், அது எங்கிருந்து வருகிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். நான் எதிர்வீட்டு டிரைவர், அவரைப் பதினொரு வருடமாகப் பார்த்தவன். அவருக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

டாக்டரம்மாவின் கார் லேசுப்பட்டதல்ல. ஆனாலும் அதை எங்கே சர்வீஸ் விடுவது என்ற முடிவை அம்மா இவரிடமே விட்டிருந்தார். கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுக்கொண்டிருந்த மனுஷன், தங்கை புருஷன் தனியாக ஒர்க்‌ஷாப் திறந்ததும் வண்டியை அங்கே ஓட்டிப் போனார். எல்லாம் தங்கைக்காகத்தான்.

மாப்பிள்ளை வேனும் லாரியும் பார்த்துப் பழகியவர். காரோடு வந்த புத்தகத்தில், நம்பர் ஜீரோவில் தொடங்கும் மெல்லிய எஞ்சின் ஆயில்தான் போட வேண்டும் என்றிருந்தது. காது அதைப் படித்துக் காட்டியதும் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஜீரோன்னா தண்ணி மச்சான். இவ்ளோ பெரிய வண்டிக்குப் போய் தண்ணிய ஊத்துவாங்களா? கெட்டியா ஊத்தினாதான் தாங்கும்.”

லாரிக்கு வைத்திருந்த பீப்பாயிலிருந்தே ஊற்றிவிட்டார்.

மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் மூன்று விநாடி கடகடவென்று சத்தம், எஞ்சின் சூடானபின் இல்லை. கெட்டி ஆயில் எஞ்சினின் மேல்பக்கம் ஏறிச் சேர நேரமாகிறது, அதுவரை எஞ்சினுக்குள் சுற்றும் செயின் அடிபடுகிறது என்று காதுக்கு உடனே புரிந்தது. மாப்பிள்ளையிடம் மூன்று தடவை போய்ச் சொன்னார். மூன்றாவது தடவை நானும் கூட இருந்தேன்.

“போகப் போக சரியாயிடும்” என்றார் மாப்பிள்ளை. “டாக்டர்கிட்ட சொல்லி என் பேரைக் கெடுத்துடாதீங்க மச்சான். அப்புறம் உங்க தங்கச்சிதான் கஷ்டப்படணும்.”

அந்த ஒரு வார்த்தையில் ஆள் அடங்கிப் போனார். அன்றிலிருந்து அரைமணி நேரம் முன்னதாகவே வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து வைப்பார். அம்மா இறங்கி வரும்போது எஞ்சின் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். “வேலைக்கே உலை வெச்சுக்கறீங்க” என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

நாலு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவசரக் கேஸ் என்று அம்மா விடியற்காலையிலேயே வந்து வண்டியில் ஏறிவிட்டார். சாவியைத் திருப்பியதும் அந்தச் சத்தம். அன்றே கார் கம்பெனிக்குப் போனது. பிரித்துப் பார்த்துவிட்டு, ஆயில் தப்பு, செயின் தேய்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் அம்மா, காது, மாப்பிள்ளை இருவரையும் வாசலில் நிறுத்திக் கேட்டார். நான் எங்கள் கேட்டருகே வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்குக் கண்கூட இமைக்கவில்லை. “மச்சான் சொன்ன ஆயிலைத்தாம்மா ஊத்தினேன். தினமும் ஸ்டார்ட் பண்றவரு அவரு. சத்தம் வந்திருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரா?”

படுபாவி! மூன்றாவது தடவை சொன்னபோது நானே கூட இருந்தேனே. அம்மா காதின் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சா, இல்லையா?” என்றார் அம்மா.

“கேட்டுச்சும்மா. நாலு மாசமா கேட்டுச்சு.”

அம்மா திட்டவில்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். உண்மையைச் சொல்லிவிட நான் தெருவைத் தாண்டி ஓடினேன். சொல்லவிடாமல் காது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது தங்கையிடமிருந்து போன் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது, அப்படி ஒரு அழுகை.

“ஏண்ணா, தப்பான ஆயிலை நீயே ஊத்தச் சொல்லிட்டு, பழியத் தூக்கி அவர் தலைல போடப் பாத்தியாமே? உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?”

போனைப் பிடுங்கப் போனேன். அவர் விலகி நின்றுகொண்டார்.

“ஆமாம்மா” என்றார். “தப்பு என்னோடதுதான். நீ அழாத.”