பாக்ஷாவின் இடக்கை

ஆட்டத்திற்கு முந்தைய மாலை தோறும் மேவிஸ் பாக்ஷா இறைச்சிக் கடைக்குப் போய், மெல்லியதாக அரிந்த மாட்டிறைச்சித் துண்டுகள் இரண்டு வாங்கி வருவாள். அவை உண்பதற்கு அல்ல. கவுண்டி என்னும் மாவட்டக் கிரிக்கெட் அணியின் விக்கெட் கீப்பராகிய அவள் கணவர் ஹெட்லி, மறுநாள் களம் இறங்குமுன் அவற்றைத் தம் கையுறைகளுக்குள், உள்ளங்கையை ஒட்டினாற்போல் வைத்துக்கொள்வார். பொழுது முழுவதும் வேகப்பந்து வந்து அறையும் இடம் அது. மூன்று நாள் ஆட்டம் முடிந்து அவர் வீடு திரும்பும்போது, நைந்து கறுத்துப்போன அந்தத் துண்டுகள் டஃபி என்னும் நாய்க்குப் போய்ச் சேரும். டஃபி வாயிற்கதவருகே காத்து நிற்கும். அது எதிர்பார்த்தது ஹெட்லியை அன்று, அவருடைய பையை.

ஹெட்லி சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். இங்கிலாந்தின் இல்கெஸ்டன் பக்கத்தில் அந்நாளில் பிறந்த ஆண்களுக்கு வாய்த்த வழியே அவருக்கும் வாய்த்தது. பள்ளியை விட்டதும் நிலத்துக்கு அடியில் இறங்கினார். சனிக்கிழமைப் பிற்பகல்களில் சுரங்க அணிக்கு ஆடினார். அந்த அணியின் கீப்பருக்கு ஒரு நாள் இடுப்புப் பிடித்துக்கொள்ள, கையுறைகள் இவரிடம் வந்தன. அவற்றைத் திருப்பிக் கேட்பார் யாரும் இல்லை. பிறகு கவுண்டியின் இரண்டாம் அணி, இடையில் போர், போரிலிருந்து மீண்டபின் முதல் அணி, ஒரு மழைநாளில் பெவிலியன் படியில் வைத்துக் கையில் கொடுக்கப்பட்ட, அணியில் நிலையான இடத்துக்கு அடையாளமான கவுண்டித் தொப்பி என்று, அவருடைய வாழ்க்கை ஆரவாரம் ஏதுமின்றி நகர்ந்தது. இங்கிலாந்து அணிக்கு ஏற்றவர் என்று ஒரு செய்தித்தாள் ஒரே ஒரு முறை எழுதியது. அந்த வாரமே அவர் இரண்டு பந்துகளைத் தவறவிட்டார். செய்தித்தாள் மறுபடியும் எழுதவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆனால் கவுண்டிகள் அனைத்திலும் அவரைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருந்தது. தரையோடு தரையாகப் பிடிக்கப்பட்ட பந்து உண்மையில் தரையைத் தொட்டதா, இல்லையா என்று நடுவர்களால் காண முடியாமற் போகும்போது, மட்டையாளர் பிடித்தவரையே கேட்பது அக்காலத்து வழக்கம். பிடித்தவர் ஆம் என்றால் மட்டையாளர் வெளியேறுவார். இல்லை என்றால் நின்று ஆடுவார். சிலர் ஆம் என்றதைக் கேட்டுச் சிலர் முணுமுணுத்ததும் உண்டு. பாக்ஷாவின் சொல்லைக் கேட்டு முணுமுணுத்தவர் எவரும் இல்லை. அவருடைய சொல் அவர் கண்ணிலிருந்து பிறந்ததன்று. பாய்ந்து விழும் அந்த நொடியில் எந்தக் கீப்பரின் கண்ணும் சரியாகக் காண்பதில்லை. விரல்கள் பந்துக்கு அடியில் இருந்தால், விரல்களின் பின்புறத்தில் புல் அழுந்தும். பந்து முதலில் தரையைத் தொட்டிருந்தால் ஒரு சிறு அதிர்வு விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறும். அந்த அழுத்தத்தையும் அந்த அதிர்வையும் அவருடைய விரல்கள் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

அந்த விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு முறையாவது உடைந்தவை. உடைந்ததைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவர் ஆடினார். நாற்பதைக் கடந்த பின்பு, ஒரு குளிர்காலத்தில், இடக்கையின் சுண்டுவிரல் மரத்துப்போயிற்று. பிறகு மோதிர விரல், பிறகு நடுவிரல். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரல் மாதக் காலை ஒன்றில், அடுப்பில் பன்றியிறைச்சி வாட்டிக்கொண்டிருந்த தட்டை அவர் வெறுங்கையால் பற்றி எடுத்தார். தோல் தீயும் நாற்றம் முதலில் மேவிஸுக்குத்தான் தெரிந்தது.

"ஹெட்லி, கைய எடு. கைய எடுன்னு சொல்றேன்ல."

அவர் கையை எடுத்துப் பார்த்தார். மேவிஸ் அவர் கையைத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"எத்தன நாளா இப்படி?"

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து."

"கேப்டனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இந்நேரம் சுரங்கத்துல விளக்குத் தொடச்சிக்கிட்டு இருப்பேன்."

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் கவுண்டிக் குழு கூடி, அடுத்த ஆண்டுக்கு யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும். இரண்டாம் அணியில் நல்ல கீப்பர் ஒருவன் இருந்தான். ஹெட்லிக்கு இன்னும் ஓர் ஆண்டு வேண்டும். ஓர் ஆண்டு கிடைத்தால் அதற்கு அடுத்த ஆண்டும் வேண்டும். ஸ்டம்புகளுக்குப் பின்னால் குந்தி அமர்வதைத் தவிர, நிலத்துக்கு மேலே செய்யத்தக்க வேறு தொழில் எதையும் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

இடக்கையில் வலி போய்விட்டபடியால் அந்தக் கைக்கு இனி இறைச்சித் துண்டு தேவை இல்லை என்று மேவிஸுக்குத் தோன்றியது. அதை அவள் சொன்னாள்.

"வேணாந்தான். ஆனா வாங்கு. ரெஜ் என் பக்கத்துலயே ஒக்காந்து உடுப்பு மாத்துறவன். கறி இல்லன்னா கேப்பான்."

ஆகவே அவள் வாங்கினாள். வலிக்காக வைத்த இறைச்சி, வலி இல்லை என்பதை மறைப்பதற்காகக் கையுறைக்குள் போயிற்று. ரெஜ் ஆல்சாப் அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர். ஹெட்லியோடு ஒரே ஆண்டில் தொப்பி வாங்கியவர். அவர் வழக்கம்போலக் கேலி செய்தார்.

"என்னடா பாக்ஷா, இன்னிக்கு நல்ல கொழுப்பா இருக்கே. வெங்காயம் நான் கொண்டாரட்டுமா?"

"ஒன்னோட பந்துக்கு இதுவே அதிகம்," என்பார் ஹெட்லி. அதுவும் வழக்கமான விடைதான்.

அந்தப் பருவத்தை அவர் கண்ணாலும் காதாலும் ஆடினார். பந்து கையுறைத் தோலில் விழும் ஓசையைக் கேட்டுக் கையை மூடினார். இடப்புறம் வந்த பந்துகளுக்கும் வலக்கையைக் குறுக்கே கொண்டுபோனார். தவறியவை சில, அவற்றுக்குக் குளிர், வெளிச்சம், ஈரப்பந்து என்று ஏதேனும் ஒரு காரணம் மற்றவர்களே சொன்னார்கள். தவறவிட்டபோது வெட்கமோ அச்சமோ வரும் என்று அவர் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. மரத்துப்போதல் விரல்களோடு நின்றுவிட்டதா என்று அவர் எப்போதாவது எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணமும் தங்காமல் போயிற்று.

ஜூலை முடியும் வேளையில் பக்ஸ்டனில் ஆட்டம். மலைமேல் இருக்கும் அந்த ஊரில் ஜூலைக்கும் மார்ச்சுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. களத்தில் நின்றவர்கள் இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தார்கள். தென் இங்கிலாந்துக் கவுண்டி ஒன்று எதிரணி. மூன்றாம் நாள் மாலை, அவர்களுடைய கடைசி இணை ஆடிக்கொண்டிருந்தது. வெற்றிக்குச் சில ஓட்டங்களே தேவை. உணவு இடைவேளையிலிருந்து ரெஜ் ஆல்சாப் பந்து வீசிக்கொண்டே இருந்தார். முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, தம் முனையை வேறு பந்துவீச்சாளருக்கு விட்டுக்கொடுக்க மறுத்து, தாமே வீசினார்.

அவர் வீசிய பந்து ஒன்று டென்ஹம் என்னும் மட்டையாளரின் விளிம்பைத் தொட்டு, தாழ்ந்து, ஹெட்லியின் இடப்பக்கம் சென்றது. வலக்கை எட்டாத தொலைவு. ஹெட்லி பாய்ந்தார். விழுந்து, ஒரு முறை உருண்டு எழுந்தபோது, இடக்கையுறையில் பந்து இருந்தது. அது அங்கே இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் அறிந்தார்.

ஸ்லிப்பில் நின்றவர்கள் கைகளை உயர்த்தினார்கள். ரெஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார். பந்து வீசிய வேகத்தில் அவர் குறுக்கே ஓடிவந்திருந்ததால் அவருக்குப் பின்னால் நின்ற நடுவரால் பார்க்க முடியவில்லை; மற்றவருக்கு டென்ஹமின் உடலே மறைப்பு. இரு நடுவர்களும் ஒருவரை ஒருவர் நோக்கி, பார்க்கவில்லை என்று தலையசைத்தார்கள். டென்ஹம் ஒழுங்கான மனிதர். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றத் தொடங்கியவாறே, வழக்கப்படி கேட்டார்.

"பாக்ஷா, பிடிச்சிட்டீங்களா?"

ஹெட்லி தம் இடக்கையைப் பார்த்தார். ஆம் என்றால் ஆட்டம் வெற்றியோடு முடிந்துவிடும். யாரும் ஐயுற மாட்டார்கள். அந்தச் சொல் அவர் வாயில் பல ஆண்டுகளாகப் பழகிய சொல். இல்லை என்பதும் அவ்வாறே. இரண்டில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும்படி அவர் விரல்களைக் கேட்டார். புல் அழுந்திய நினைவு இல்லை. அதிர்வு ஏறிய நினைவும் இல்லை.

"தெரியல," என்றார்.

டென்ஹம் அதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தார். பிறகு ஹெட்லியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அணித்தலைவர் கிரெஸ்வெல் தம் இடத்திலிருந்து நடந்து வந்தார். அவர் ஊதியம் பெறாமல் ஆடுபவர். ஊதியத்துக்கு ஆடுபவர்களோடு சேராமல், உடை மாற்றும் அறையும் களத்துக்கு வரும் வாயிலும் அவருக்குத் தனி; அக்காலத்து வழக்கம் அது.

"என்ன பாக்ஷா, என்ன தெரியல?"

"பந்து தரையில பட்டுச்சா, படலையான்னு தெரியலீங்க, கேப்டன்."

"ஒன் கையிலதானே இருக்கு?"

"கையில இருக்குதுங்க. கைக்குத்தான் தெரியல."

கிரெஸ்வெல் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தம் இடத்துக்குத் திரும்பினார். ஐயம் மட்டையாளருக்கே உரியது என்பதால், நடுவர் ஆட்டமிழப்பு இல்லை என்று அறிவித்தார். டென்ஹம் அடுத்த ஓவரில் தேவையான ஓட்டங்களை அடித்து முடித்தார்.

உடை மாற்றும் அறையில் யாரும் ஹெட்லியைக் கடிந்துகொள்ளவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. ரெஜ் முழங்காற்கட்டைப் பிரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருக்கலாம்."

"பகல் பூரா ஓடுனேன்டா."

"தெரியும் ரெஜ்."

அப்போது கிரெஸ்வெல் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். அவர் அந்த அறைக்கு வருவது அரிது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் ஹெட்லியின் எதிரில் பெஞ்சில் அமர்ந்து, இன்னும் மாட்டியிருந்த இடக்கையுறையைக் கழற்றச் சொன்னார். இறைச்சித் துண்டு நழுவித் தரையில் விழுந்தது. அதை ஒருவரும் எடுக்கவில்லை.

"கண்ண மூடிக்க, பாக்ஷா."

ஹெட்லி கண்களை மூடிக்கொண்டார்.

"இப்ப ஒன் விரல் மேல என்ன வெச்சிருக்கேன், சொல்லு."

ஹெட்லி காத்திருந்தார். அறையில் தண்ணீர் ஓசையும் நின்றுவிட்டது.

"இன்னும் ஒண்ணும் வெக்கலீங்களே," என்றார்.

கண்களைத் திறந்தபோது, அவருடைய மூன்று விரல்களின் குறுக்கே, ஸ்டம்புகளின் மேலே வைக்கும் சிறு கட்டை ஒன்று கிடந்தது. கிரெஸ்வெல் அதை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சரி, டாக்டர்கிட்டக் காட்டு," என்றார். வெளியேறும்போது கதவை ஓசையின்றிச் சாத்தினார். ரெஜ் ஆல்சாப் குனிந்து, தரையில் கிடந்த இறைச்சித் துண்டை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, ஹெட்லியின் பையில் வைத்தார். அதைப் பற்றி அவர் கேலி எதுவும் பேசவில்லை.

அன்றிரவு உணவு மேசையில் ஹெட்லி நடந்ததை மேவிஸிடம் சொன்னார். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது அவர் பேச்சு. மேவிஸ் நெடுநேரம் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"'இல்ல'ன்னு சொல்லியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதே, ஹெட்லி. அந்த ஆளு நின்னு ஆடியிருப்பாரு, நீங்க தோத்திருப்பீங்க. எப்படியும் தோத்துட்டீங்க. ஒன் கையப் பத்தி யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"பிடிச்சிருந்தேன்னா?"

"என்னது?"

"நெசமாவே நான் பிடிச்சிருந்தேன்னா? ரெஜ் அந்தக் காலோட ஓடிக்கிட்டிருந்தான். பிடிச்சத பிடிக்கலன்னு எப்படிச் சொல்றது?"

மேவிஸ் தட்டுகளை எடுத்துப் போனாள். அவர் அழுவார் என்று அவள் எண்ணியிருந்தாள். அன்றைக்கு மட்டுமல்லாமல் அடுத்துவந்த நாள்களிலும் அவ்வாறே எண்ணிக் காத்திருந்தாள். அவர் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்தார், தோட்டத்தில் பட்டாணிக் கொடிக்குக் குச்சி நட்டார், நாயைக் குளிப்பாட்டினார்.

நரம்பு முழங்கையிலேயே நசுங்கிவிட்டது, இனித் திரும்பாது என்றார் மருத்துவர். ஆகஸ்டில் குழு கூடியது. அடுத்த ஆண்டுக்கு ஹெட்லி பாக்ஷாவை வைத்துக்கொள்வதற்கில்லை என்பதைக் கிரெஸ்வெல் நேரில் வந்து, நின்றுகொண்டே சொன்னார். நல்ல சொற்களும் சில சொன்னார். ஹெட்லி அவற்றைப் பணிவோடு கேட்டுக்கொண்டார். அவர் போனபின் அந்தச் சொற்களில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவர முயன்றார், ஒன்றும் அகப்படவில்லை.

இலையுதிர் காலத்தில் ஹெட்லிக்குச் சுரங்கத்தின் விளக்கறையில் வேலை கிடைத்தது. நிலத்துக்கு அடியில் இறங்க வேண்டியதில்லை. காலையில் இறங்குபவர்களுக்கு விளக்கை எடுத்துக் கொடுத்து, மாலையில் ஏறிவருபவர்களிடம் வாங்கி வைக்க வேண்டும். வலக்கையாலேயே கொடுத்தார், வலக்கையாலேயே வாங்கினார். சிலர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். பக்ஸ்டன் கேட்சைப் பற்றி ஒருவர், "உள்ளபடி சொல்லுங்க, அது பிடிச்சதுதானே?" என்று கேட்டார். தெரியாது என்றார் ஹெட்லி. கேட்டவர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு போனார்.

மறு ஆண்டு வசந்தத்தில், கவுண்டியின் முதல் ஆட்டத்துக்கு முந்தைய மாலை, மேவிஸ் இறைச்சிக் கடைக்குக் கொத்துக்கறி வாங்கப் போனாள். கடைக்காரர் பழக்கத்தின்படி மெல்லிய துண்டுகள் இரண்டை அரிந்து, தனித்தாளில் சுற்றி வைத்திருந்தார். கொடுத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது, முகம் சிவந்துபோயிற்று. பரவாயில்லை, இருக்கட்டும் என்று மேவிஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டு துண்டுகளையும் அவள் வெண்ணெயில் வாட்டினாள், வெங்காயமும் போட்டாள். ஹெட்லி வேலை முடிந்து வந்து, கைகளைக் கழுவிக்கொண்டு அமர்ந்தார். தட்டில் இருப்பது இன்னது என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. முள்கரண்டியை இடக்கையில் பிடித்தார். அது அங்கே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். பின்னர்ச் சிறிது வெட்டி வாயில் இட்டு மென்றார்.

"எப்படி இருக்கு?" என்றாள் மேவிஸ்.

"நல்லா மிருதுவா இருக்கு," என்றார். இத்தனை ஆண்டுகளில் அதன் சுவையை அவர் அறிந்ததில்லை. பாதியைத் தின்றபின் மீதியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். டஃபி வாயிற்கதவருகே அவருடைய பையைத் தேடி நின்றது. அவர் எழுந்து போய், மிஞ்சிய துண்டை இடக்கையில் வைத்து அதனிடம் நீட்டினார். நாய் தின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தார். தின்றுவிட்டிருந்தது, விரல்களை நக்கிக்கொண்டிருந்தது. அது நக்கி முடிக்கும் வரையில் அவர் கையை எடுக்கவில்லை.