சத்தத்தைக் கூட்டியவர்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரே வீட்டில் நாங்கள் ஐந்து குடித்தனம் இருந்தோம். பக்கத்துப் போர்ஷன்காரர் மனைவியை அடிக்க ஆரம்பித்தால் மற்ற நாலு வீட்டிலும் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்கள். அதை மரியாதை என்றுதான் நினைத்தோம். எங்களுக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்தால், மறுநாள் குழாயடியில் அவள் எங்கள் முகத்தில் எப்படி முழிப்பாள்?

அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதமாகியிருந்தது. "ஆம்பளைன்னா கை நீட்டத்தான் செய்வான்" என்பார் அவருடைய அம்மா. "புருஷன் பொண்டாட்டி விஷயம், நாம என்ன சொல்றது" என்பார் வீட்டுச் சொந்தக்காரர். தண்ணீருக்காக அந்த வீட்டுக்காரரிடம் தொண்டை கிழியச் சண்டை போடுகிற நான், இதற்கு மட்டும் மனசுக்குள்ளேயே எல்லாரையும் திட்டிக்கொண்டு வால்யூமைத் திருகுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டி.வி.யில் படம் ஓடும்போது அவர் குரல் உயர்ந்தது. வழக்கம்போல நாங்களும் சத்தத்தைக் கூட்டினோம். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. அவர் திட்டியதும் அறைந்ததும் வீடு முழுக்கக் கேட்டது. ஒவ்வொருவராக வெளியே வந்து முற்றத்தில் நின்றோம். ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தவர், ஓங்கிய கையை இறக்கிவிட்டார்.

மறுநாள் குழாயடியில் அவள் குடத்தை நிரப்பினாள். அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "தினமும் கரண்ட் போனா நல்லா இருக்கும்க்கா."